காந்தம் வைத்தால் அப்பாவின் கை திரும்புமா?

கேள்வி:

எங்கள் ஊர் ஆத்தங்குடிப் பக்கம். அப்பாவுக்கு 56 வயது. சின்ன வயதிலிருந்தே டைல்ஸ் பட்டறையில் அச்சுக்குள் நிறம் ஊற்றும் வேலை. எட்டு மாதத்துக்கு முன்னால் ஒரு நாள் விடியற்காலை வலப்பக்கம் வாதம் அடித்துவிட்டது. மதுரைக்குக் கொண்டுபோனோம். மூளைக்குப் போகும் ரத்தக் குழாயில் அடைப்பு என்றார்கள். இப்போது இடக்கையில் கம்பு ஊன்றி நடக்கிறார். பேச்சும் திரும்பிவிட்டது. வலக்கைதான் வரவில்லை. தோளைத் தூக்குகிறார், முழங்கையை மடக்குகிறார். எதைக் கொடுத்தாலும் இறுக்கிப் பிடித்துக்கொள்கிறார், ஆனால் விட முடியவில்லை. விரிக்கச் சொன்னால் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்சம் அசைகின்றன, அவ்வளவுதான். மூன்று மாதம் பிசியோ வந்து செய்தார், பிறகு நிறுத்திவிட்டோம். ஆறு மாதம் தாண்டினால் இனி வராது என்று பார்க்கிறவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள்.

இப்போது ஒரு சென்டரில், தலையில் காந்தம் வைத்து மூளையைத் தூண்டினால் கை வந்துவிடும், இருபது சிட்டிங், லட்சத்துக்கு மேல் ஆகும் என்கிறார்கள். அம்மா தன் செயினை அடகு வைக்கலாம் என்கிறார். அப்பா இடக்கையால் சாப்பிடக் கூச்சப்பட்டு எந்த விசேஷத்துக்கும் வருவதில்லை. கோபமும் அதிகமாகிவிட்டது. போன வாரம் தட்டைத் தள்ளிவிட்டார். காந்த சிகிச்சை செய்யலாமா? அவர் மறுபடி பட்டறைக்குப் போக முடியுமா?

— பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

அம்மாவின் செயின் இப்போதைக்கு அம்மா கழுத்திலேயே இருக்கட்டும். காந்த சிகிச்சையை ஏமாற்று வேலை என்று நான் சொல்ல மாட்டேன். நல்ல ஆஸ்பத்திரிகளில் செய்கிற சிகிச்சைதான் அது. ஆனால் உங்களிடம் சொன்ன இருபது சிட்டிங்கில் காந்தம் மட்டும்தான் இருக்கிறது, கைக்குப் பயிற்சி என்ற பேச்சே இல்லை. மூளையைத் தூண்டிவிட்டு, கைக்கு ஒரு வேலையும் கொடுக்காமல் வீட்டுக்கு அனுப்பினால் அந்தப் பணம் வீண். காரைக்குடிப் பக்கத்தில் பக்கவாத நோயாளிகளோடு வேலை செய்கிற ஆக்குபேஷனல் தெரபிஸ்ட் என்ற முறையில் இதை உறுதியாகவே சொல்கிறேன்.

நம் பக்கத்தில் பிசியோதெரபி தெரிந்த அளவுக்கு ஆக்குபேஷனல் தெரபியைத் தெரியாது. பிசியோதெரபிஸ்ட் நடை, தசையின் பலம், மூட்டு அசைவு இவற்றைப் பார்ப்பார். அந்த அசைவை ஒரு வேலையாக மாற்றுவது எங்கள் பொறுப்பு. சட்டைப் பொத்தானைப் போடுவது, சாவியைத் திருப்புவது, சோற்றைப் பிசைவது, உங்கள் அப்பா விஷயத்தில் அகப்பையைச் சாய்த்து அச்சுக்குள் நிறம் ஊற்றுவது. உங்கள் கடிதத்தில் ஆக்குபேஷனல் தெரபி பற்றி ஒரு வரிகூட இல்லை. அவர் கைக்கு அது இதுவரை கிடைக்கவே இல்லை என்றுதான் புரிந்துகொள்கிறேன். அப்படியானால் "எல்லாம் செய்து பார்த்தாகிவிட்டது, காந்தம்தான் பாக்கி" என்ற நிலையில் நீங்கள் இல்லை.

முதலில் அந்த ஆறு மாதக் கணக்கைப் பார்ப்போம். மூளை தானாகவே வேகமாகத் தேறுவது பெரும்பாலும் முதல் மூன்று மாதங்களில். அதற்குப் பிறகு வேகம் குறையும், அது உண்மை. ஆனால் கதவு சாத்தப்படுவதில்லை. ஜப்பானில் தோக்கியோவின் ஜிகெய் பல்கலைக்கழக மருத்துவர்கள் காந்தத்தையும் ஆக்குபேஷனல் தெரபியையும் சேர்த்து 204 பேருக்குக் கொடுத்து, 2012-இல் முடிவை வெளியிட்டார்கள். அவர்களுக்கு வாதம் வந்து சராசரியாக 5 ஆண்டு ஆகியிருந்தது. அவர்கள் கையே முன்னேறியிருக்கிறது. எட்டு மாதத்தில் நீங்கள் கைவிட வேண்டிய அவசியமே இல்லை. "இனி வராது" என்று அப்பாவின் காதுபடப் பேசுகிறவர்களைத் தயவுசெய்து தடுத்து நிறுத்துங்கள்.

இனி காந்தம். எட்டு வடிவில் சுற்றிய ஒரு கம்பிச் சுருளைத் தலைமேல் வைத்து, அதில் மின்சாரத்தை விட்டு விட்டுப் பாய்ச்சுவார்கள். அதனால் உண்டாகும் காந்த அலை மண்டை ஓட்டைத் தாண்டிப் போய், மூளையின் மேற்பரப்பில் மிகச் சிறிய மின்னோட்டத்தை எழுப்பும். கத்தி இல்லை, ஊசி இல்லை, மயக்க மருந்தும் இல்லை. 1985-இல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டில் ஆன்டனி பார்க்கர் குழுவினர் முதலில் செய்து காட்டியது இது. கையை அசைக்கிற இடத்தின் மேல் ஒரு துடிப்பு கொடுத்தால், எதிர்ப்பக்கக் கையின் கட்டைவிரல் தானாகத் துள்ளும். பார்க்கிறவர்களுக்கு மந்திரம் போலத்தான் இருக்கும். அந்தத் துள்ளலைக் காட்டி "பாருங்கள், கை வந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் நம்பிவிடாதீர்கள். அது இயந்திரம் எழுப்பிய அசைவு. அப்பா நினைத்து எழுப்பியது அல்ல.

வாதத்துக்கு இதை ஏன் பயன்படுத்துகிறார்கள் என்றால், மூளையின் இரண்டு பாதிகளும் ஒன்றை ஒன்று கொஞ்சம் அடக்கியே வைத்திருக்கின்றன. அப்பாவுக்குச் சேதம் இடப் பாதியில், அதனால்தான் வலக்கை விழுந்தது. அடிபட்ட பாதி சோர்ந்து கிடக்கும்போது, நல்ல பாதி அதை இன்னும் அதிகமாக அமுக்குகிறது என்பது இந்த சிகிச்சைக்குப் பின்னால் இருக்கும் கருத்து. எனவே நல்ல பாதியின் மேல் வினாடிக்கு ஒரு துடிப்பு என்று மெதுவாகக் கொடுத்து அதைத் தணிப்பார்கள். அல்லது அடிபட்ட பாதியின் மேல் வேகமான துடிப்பு கொடுத்து அதை எழுப்புவார்கள். மெதுவான முறையில் 20 நிமிடத்துக்கு 1,200 துடிப்பு. ஒரு தடவை கொடுத்ததன் விளைவு ஒரு மணி நேரத்துக்குள் பெரும்பாலும் கரைந்துவிடும். அந்த நேரத்தில் மூளை புதிதாகக் கற்றுக்கொள்ளக் கொஞ்சம் தயாராக இருக்கிறது. அப்போது கைக்குப் பயிற்சி கொடுத்தால்தான் கற்பதற்கு ஏதாவது இருக்கும். காந்தம் வைத்துவிட்டு ஆட்டோவில் ஏற்றி அனுப்பினால், அந்த ஒரு மணி நேரம் சாலையிலேயே போய்விடும்.

ஜப்பான்காரர்கள் இதைச் சரியாகப் புரிந்து வைத்திருந்தார்கள். 15 நாள் ஆஸ்பத்திரியிலேயே தங்க வைத்து, ஒவ்வொரு முறையும் 20 நிமிடம் காந்தம், அதையடுத்து 120 நிமிடம் கைப்பயிற்சி. அதில் ஒரு மணி நேரம் தெரபிஸ்ட் எதிரே உட்கார்ந்து செய்ய வைப்பது, ஒரு மணி நேரம் நோயாளி தானே செய்வது. இப்படி 22 முறை. காந்தத்தைவிட ஆறு மடங்கு நேரம் பயிற்சிக்கு. உங்கள் சென்டரின் கணக்கை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

பலன் எவ்வளவு? கையின் அசைவை அளக்க ஃபியூகல்-மேயர் என்று ஓர் அளவு உண்டு, முழு மதிப்பெண் 66. அந்த 204 பேரும் ஏறக்குறைய 47-இல் தொடங்கி 51-க்கு வந்தார்கள். நான்கு மதிப்பெண் என்றால் சிறியதாகத் தோன்றும். ஒருவருக்கு அது டம்ளரைப் பிடித்து விடுகிற அளவு மாற்றமாக இருக்கலாம், இன்னொருவருக்குக் கண்ணுக்கே தெரியாமல் போகலாம். அதோடு, அந்த ஆய்வில் காந்தம் இல்லாமல் பயிற்சி மட்டும் பெற்ற ஒரு குழு ஒப்பிடுவதற்கு இல்லை. ஆகவே அந்த நான்கில் காந்தத்தின் பங்கு எவ்வளவு, பயிற்சியின் பங்கு எவ்வளவு என்று அதிலிருந்து பிரிக்க முடியாது.

அதைப் பிரித்துப் பார்த்தது அமெரிக்காவில் நடந்த ஒரு பெரிய ஆய்வு, 2018-இல் வெளிவந்தது. வாதம் வந்து 3 முதல் 12 மாதம் ஆன 199 பேர், அதாவது அப்பாவைப் போன்றவர்கள். எல்லாருக்கும் ஒரே மாதிரி கைப்பயிற்சி. ஒரு குழுவுக்கு உண்மையான காந்தம், இன்னொரு குழுவுக்குச் சத்தம் மட்டும் வருகிற போலி. யாருக்கு எது என்று நோயாளிக்குத் தெரியாது. முடிவில் உண்மையான காந்தம் பெற்றவர்களில் 67 சதவீதம் பேர் ஐந்து மதிப்பெண்ணோ அதற்கு மேலோ முன்னேறினார்கள். போலி பெற்றவர்களில் 65 சதவீதம் பேர்.

இந்த இரண்டு எண்களையும் அப்பாவுக்கு வாசித்துக் காட்டுங்கள். காந்தம் கூடுதலாக ஒன்றும் சேர்க்கவில்லை என்று இதை வருத்தத்தோடு சொல்பவர்கள் உண்டு. எனக்கு இதில் பெரிய நம்பிக்கை தெரிகிறது. ஆறு வாரம் ஒழுங்காக, வேலையை மையமாக வைத்துப் பயிற்சி செய்த மூன்று பேரில் இரண்டு பேருக்குக் கை முன்னேறியிருக்கிறது, தலையில் வைத்தது உண்மையோ போலியோ. அந்தப் பயிற்சிக்கு செயின் தேவையில்லை.

இன்னொரு வகைத் தூண்டலும் காதில் விழலாம். கழுத்தில் ஓடும் வேகஸ் நரம்போடு இணைத்து, நெஞ்சில் ஒரு சிறு கருவியை அறுவை செய்து பதிப்பார்கள். நோயாளி கையை நீட்டும் அந்த நொடியில் தெரபிஸ்ட் பொத்தானை அழுத்துவார். 2021-இல் லான்செட் இதழில் வந்த ஆய்வில் 108 பேருக்கு இதைப் பதித்தார்கள். கருவி வேலை செய்தவர்களுக்குச் சராசரியாக 5 மதிப்பெண், கருவியை இயக்காமல் பயிற்சி மட்டும் பெற்றவர்களுக்கு 2.4. நல்ல முடிவுதான், அமெரிக்க அரசும் அதே ஆண்டு அனுமதி கொடுத்தது. ஆனால் அறுவை சிகிச்சை, பெரிய செலவு. இப்போது அப்பாவுக்கு இதைப் பற்றி யோசிக்க வேண்டாம். நெற்றியில் பஞ்சு வைத்து லேசான மின்சாரம் விடும் சிறிய கருவிகளை ஆன்லைனில் விற்கிறார்கள். அதை வாங்கி வீட்டில் வைத்துப் பார்க்கவே கூடாது.

அப்படியானால் காந்தமே வேண்டாமா? அப்படிச் சொல்ல மாட்டேன். ஆறு வாரம் முறையான பயிற்சி நடந்து, விரல்கள் இன்னும் கொஞ்சம் விரியத் தொடங்கி, காந்தமும் ஆக்குபேஷனல் தெரபியும் ஒரே கூரையின் கீழ் கிடைக்கிற இடம் அமைந்தால், நரம்பியல் மருத்துவரிடம் பேசி முடிவெடுக்கலாம். போகிற இடத்தில் சில கேள்விகளைக் கூச்சப்படாமல் கேளுங்கள். காந்தம் முடிந்த உடனே கைப்பயிற்சி கொடுப்பது யார், எத்தனை நிமிடம்? தொடங்கும் முன்பும் முடித்த பின்பும் கையை எந்த அளவுகோலால் அளந்து எழுதிக் கொடுப்பீர்கள்? எந்தப் பாதியில், எத்தனை வேகத்தில், ஏன்? சேதம் பெரிதாக இருக்கும் சிலருக்கு நல்ல பாதியே உதவிக்கு வந்துகொண்டிருக்கும், அவர்களுக்கு அதைத் தணித்தால் பலன் தலைகீழாகப் போகவும் கூடும். அதனால்தான் ஸ்கேனைப் பார்க்காமல் முடிவு செய்யக் கூடாது என்கிறேன். விரல் துள்ளுகிற இடத்தையும் அளவையும் ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கண்டுபிடித்துத்தான் தொடங்க வேண்டும். வருகிறவர்கள் எல்லாருக்கும் ஒரே செட்டிங் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். "கட்டாயம் குணம்" என்று வாக்குக் கொடுத்தாலும் அப்படியே.

பாதுகாப்பும் முக்கியம். எப்போதாவது வலிப்பு வந்திருக்கிறதா, தலைக்குள் கிளிப் போன்ற உலோகம் இருக்கிறதா, காதுக்குள் பதித்த செவிக்கருவியோ இதயத்தில் பேஸ்மேக்கரோ இருக்கிறதா என்று கேட்காமல் காந்தத்தைத் தலைக்கருகே கொண்டுவரக் கூடாது. டக் டக்கென்று பலமாகச் சத்தம் வரும், காதில் அடைப்பான் வைக்க வேண்டும். சிலருக்குத் தலைவலி வரும், தானே போய்விடும். வலிப்பு வருவது அரிது, ஆனாலும் சமாளிக்க மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

சரி, வீட்டில் என்ன செய்வது? நீங்கள் எழுதியதில் எனக்கு மிகவும் பிடித்த வரி, கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் கொஞ்சம் அசைகின்றன என்பது. அந்தக் "கொஞ்சம்"தான் முதல். ஒரு சோதனை செய்யுங்கள். மேசைமேல் ஒரு கைக்குட்டையைப் போட்டு, எப்படியாவது வலக்கையால் எடுத்து, பிறகு விடச் சொல்லுங்கள். நேரம் ஆனாலும் பரவாயில்லை. அவரால் எடுத்து விட முடிந்தால், நல்ல கையைக் கட்டிவைத்து விழுந்த கைக்கு வேலை கொடுக்கிற பயிற்சிக்கு அவர் தகுதியாக இருக்க வாய்ப்பு உண்டு. அந்த முறைக்கு நல்ல ஆதாரம் இருக்கிறது. அமெரிக்காவில் 222 பேரை வைத்துச் செய்து 2006-இல் வெளியிட்ட ஆய்வில், இரண்டு வாரம் விழித்திருக்கும் நேரத்தில் பெரும்பகுதி நல்ல கைக்கு உறை மாட்டினார்கள். கையின் முன்னேற்றம் ஒரு வருடம் கழித்தும் நிலைத்தது. ஆனால் அப்பா கம்பு பிடிப்பது இடக்கையால். அதனால் உட்கார்ந்திருக்கும்போது மட்டும், யாராவது கூட இருக்கும் நேரத்தில், ஒரு மணி நேரத்தில் தொடங்குங்கள். உறையோடு எழுந்து நடக்க விடாதீர்கள்.

யாராவது அவருக்கு அமுக்கும் ரப்பர் பந்து வாங்கிக் கொடுத்திருப்பார்கள். அதை எடுத்து வைத்துவிடுங்கள். அவர் கைக்குப் பிடிக்கத் தெரியும், விடத்தான் தெரியவில்லை. நாள் முழுக்கப் பந்தை அமுக்கினால் ஏற்கனவே இறுகிய விரல் இன்னும் இறுகும். நமக்கு வேண்டியது விரிகிற பயிற்சி. டம்ளரைச் சுற்றி விரலைத் திறந்து வைப்பது, எடுத்த பொருளை ஒரு தட்டில் விடுவது, மேசைமேல் துண்டை உள்ளங்கையால் முன்னே தள்ளுவது. இறுக்கம் மிகவும் அதிகமாக இருந்தால் போட்டுலினம் ஊசி போட்டுத் தசையைத் தளர்த்தலாம், மருத்துவரிடம் கேளுங்கள். ஊசி போட்ட பிறகும் பயிற்சி வேண்டும்.

எத்தனை தடவை என்று கேட்பீர்கள். வழக்கமான சிகிச்சை நேரத்தில் கைக்கு உண்மையில் எத்தனை தடவை பயிற்சி கிடைக்கிறது என்று ஆராய்ச்சியாளர்கள் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தார்கள். சராசரி 32. மூளை பாதையை மாற்றிக்கொள்ள நூற்றுக்கணக்கில் வேண்டும் என்று விலங்குகளில் பார்த்தவர்கள் சொல்கிறார்கள். எனவே ஒரே வேலையைக் காலை ஒரு மணி, மாலை ஒரு மணி என்று பிரித்து, களைத்தால் நிறுத்தி, நாளுக்கு நாள் கூட்டிக்கொண்டே போங்கள். நோட்டில் எண்ணிக்கையை எழுதி வையுங்கள். அப்பா கையால் அல்ல, நீங்கள்.

அப்பாவின் தொழிலிலிருந்தே ஒரு பயிற்சி. கண்ணாடிமேல் சட்டத்தை வைத்து, அச்சுக்குள் நிறம் ஊற்றும்போது கை என்ன செய்கிறது என்று அவரையே கேளுங்கள், அழகாகச் சொல்வார். முழங்கை விலாவோடு ஒட்டியிருக்கும். முன்கை மட்டும் மெல்ல உருளும். அச்சின் விளிம்புக்கு நிறம் வருகிற நொடியில் கை நின்று திரும்பும். வாதம் வந்த கைக்கு மிகக் கடினமான அசைவுகளில் ஒன்று இந்த உருட்டல், இத்தனை வருடப் பழக்கம் மூளையில் பதிந்து கிடக்கிற அசைவும் இதுதான். எடை குறைந்த ஓர் அகப்பையை எடுத்து, காம்பில் துணி சுற்றித் தடிமனாக்கி, ரப்பர் பேண்ட் போடுங்கள். ஒரு கிண்ணத்திலிருந்து இன்னொரு கிண்ணத்துக்கு முதலில் பொட்டுக்கடலை, பிறகு தண்ணீர். தண்ணீர் சிந்தாமல் வந்த பிறகு தோசை மாவுப் பதத்தில் ஏதாவது. நிறக் கலவையும் ஏறக்குறைய அந்தப் பதம்தான். நீங்கள் எதிரே உட்கார்ந்து முழங்கையை மட்டும் பாருங்கள். முன்கையை உருட்ட முடியாமல் அவர் முழங்கையை இறக்கை போல வெளியே தூக்குவார், உடம்பையும் சாய்ப்பார். அப்போது நிறுத்தி, அகப்பையில் பாதியைக் குறையுங்கள். தப்பான அசைவில் நூறு தடவை செய்வதைவிடச் சரியான அசைவில் பத்து தடவை மேல்.

அடுத்தது சாப்பாடு. இடக்கையால் சாப்பிடக் கூசுவதை வீம்பு என்று யாரும் நினைக்க வேண்டாம். பந்தியில் நாலு பேருக்கு நடுவே இலையில் இடக்கை வைப்பது நம் ஊரில் பெரியவர் ஒருவருக்கு எவ்வளவு பெரிய வேதனை என்பது எனக்குத் தெரியும். எங்கள் பாடப் புத்தகங்களில் ஸ்பூன் பிடிப்பதைச் சொல்லித் தருவார்கள். சோறு பிசைந்து, விரல் நுனியில் அள்ளி, கட்டைவிரலால் வாய்க்குத் தள்ளுவது அதைவிடப் பல படி நுணுக்கமானது. அதனால் படியாகப் போங்கள். முதலில் இட்லி. பிய்க்கலாம், கிள்ளிப் பிடிக்கலாம், விரலில் கொஞ்சம் நேரம் நிற்கும். அடுத்து இடியாப்பம், உப்புமா. பிறகு கெட்டியாகப் பிசைந்த தயிர் சோறு, அது உருண்டு நிற்கும். குழம்புச் சோறும் ரசமும் கடைசி. முதல் ஐந்து கவளம் மட்டும் வலக்கை, மீதி இடக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஐந்து பத்தாகும். சூடாக எதையும் தராதீர்கள். கையில் உணர்ச்சி குறைந்திருந்தால் சுட்டாலும் தெரியாது. ஆரம்பத்தில் இதை உள்கட்டில், நீங்களும் அம்மாவும் மட்டும் இருக்கும்போது செய்யுங்கள். தட்டு அசையாமல் இருக்க அடியில் ஈரத் துணி விரியுங்கள். தட்டைத் தள்ளிவிட்டார் என்று எழுதியிருந்தீர்கள், அன்று என்ன பரிமாறினீர்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

கோபம் அதிகமானதைச் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வருகிறது. ஆண்களிடம் அது அழுகையாக வராமல் எரிச்சலாக வருவதை நிறையப் பார்க்கிறேன். தூக்கம், பசி, பேச்சு இவை குறைந்திருக்கிறதா என்று கவனித்து மருத்துவரிடம் சொல்லுங்கள். மருந்து உண்டு, பலன் தரும். மனம் சோர்ந்திருக்கும்போது நூறு தடவை அகப்பை சாய்க்கச் சொன்னால் எந்த மனிதருக்கும் கோபம் வரும்.

விரல் சரியாக அசையாத நாட்களில் கண்ணாடிப் பயிற்சியும் செய்யலாம். நம் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ்.ராமச்சந்திரன், கை இழந்தவர்களின் வலிக்காகக் கொண்டுவந்த யோசனை அது. பிறகு வாதத்துக்கும் பயன்பட்டது. மார்புக்கு நேரே நெட்டுக்குத்தாக முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தி, வலக்கையை அதன் பின்னால் மறைத்து, இடக்கையை விரித்து மூடி, கண்ணாடியில் தெரிவது வலக்கை என்று பார்த்தபடி வலக்கையையும் அதேபோல முயல வேண்டும். தினம் அரை மணி. செலவு ஒன்றுமில்லை, பலனுக்கு ஆதாரமும் இருக்கிறது.

செய்யக் கூடாத ஒன்று. கட்டிலிலிருந்து எழுப்பும்போதும் பஸ்ஸில் ஏற்றும்போதும் வலக்கையைப் பிடித்து இழுக்காதீர்கள், அக்குளில் கை கொடுத்தும் தூக்காதீர்கள். தோள் மூட்டு கழன்று வலி வந்துவிட்டால் எல்லாப் பயிற்சியும் நின்றுபோகும். எண்ணெய் இதமாகத் தடவலாம். முறுக்கி உருவக் கூடாது. புறா ரத்தம் பூசச் சொல்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள், அதற்கு நேரம் செலவழிக்காதீர்கள். பிரஷர், சர்க்கரை, ரத்தம் உறையாமல் இருக்கக் கொடுத்த மாத்திரை, இவற்றில் ஒரு வேளைகூட விடக் கூடாது. இரண்டாவது தடவை வந்தால் இதுவரை சேர்த்ததெல்லாம் போய்விடும்.

பட்டறைக்குப் போக முடியுமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய ஆளாக, பழைய வேகத்தில் என்று என்னால் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் போக முடியாது என்றும் சொல்ல மாட்டேன். அங்கே எல்லா வேலையும் ஒரே கனம் இல்லை. கண்ணாடி துடைப்பது, நிறம் கலக்கும்போது பதம் பார்த்துச் சொல்வது, புதுப் பையன்களுக்கு அச்சு வைக்கக் கற்றுக் கொடுப்பது இவற்றுக்கு இப்போதே அவர் தேவைப்படலாம். முதலாளியிடம் பேசி வாரத்தில் இரண்டு நாள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து வரட்டும். நிறம் ஊற்றுவது அடுத்த கட்டம். ஈரக் கல்லைத் தொட்டியிலிருந்து தூக்குவதும், கண்ணாடியைக் கையில் எடுத்து நடப்பதும் பிடி உறுதியாகும்வரை கூடாது. சிமெண்ட் தோலை அரிக்கும், உணர்ச்சி குறைந்த கைக்கு அது தெரியாது, உறை போட்டே தொட வேண்டும்.

எங்கே போவது? சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையிலோ மறுவாழ்வு மருத்துவப் பிரிவில் காட்டி, ஆக்குபேஷனல் தெரபிக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். தங்கிச் செய்ய வேண்டும் என்றால், சக்கர நாற்காலியில் இருந்தபடியே மருத்துவர் மேரி வர்கீஸ் 1966-இல் உருவாக்கிய வேலூர் சிஎம்சி மறுவாழ்வு மையம் பாகாயத்தில் இருக்கிறது. சென்னை கே.கே.நகரில் இதற்கென்றே அரசு மருத்துவமனையும் உண்டு. அதுவரை பிசியோ நின்றுபோக வேண்டியதில்லை. 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே பிசியோதெரபிஸ்ட் வருவார். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்யுங்கள்.

போகும்போது டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன் பிலிம், மாத்திரைச் சீட்டு, எண்ணிக்கை எழுதிய நோட்டு, இவற்றோடு அப்பா பட்டறையில் வைத்திருந்த அகப்பையையும் கொண்டுபோங்கள். அதன் கனத்தையும் காம்பின் தடிமனையும் பார்த்துத்தான் தெரபிஸ்ட் அடுத்த பயிற்சியை அமைக்க முடியும். முதல் நாளே கையை அளந்து மதிப்பெண்ணை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். ஆறு வாரம் கழித்து மறுபடி அளந்ததும் அந்த இரண்டு எண்களையும் எனக்கு எழுதுங்கள். காந்தத்தைப் பற்றி அப்போது சேர்ந்து முடிவு செய்வோம்.